முப்பதாயிரத்துக்குள் வீட்டிலேயே சி.என்.சி. ரூட்டர்: 4க்கு 4 அடி நடக்குமா? (காட்பாடி)

காட்பாடி_கார்த்தி

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமா முடிச்சிருக்கேன். மாமா காந்தி நகர் பக்கம் தச்சுப் பட்டறை வெச்சிருக்கார். பூஜை ரூம் கதவு, வாசக்கால், வீட்டுப் பேர்ப்பலகை எல்லாம் ஆர்டர் வருது. செதுக்குற வேலையை டவுன்ல ஒரு சி.என்.சி. (கம்ப்யூட்டர் சொல்றபடி தானா செதுக்குற மெஷின்) கடைக்கு அனுப்புறோம். பத்துக் கதவு மொத்தமா போனா உடனே எடுத்துக்குவாங்க. ஒத்தைப் பேர்ப்பலகைன்னா "அடுத்த வாரம் பாக்கலாம்"னு தள்ளிக்கிட்டே போவாங்க. கிரகப்பிரவேசத்துக்குப் பலகை கேட்டவங்களுக்கு மாமாவால பதில் சொல்ல முடியல.

அதனால நானே ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன். கையில முப்பதாயிரம் இருக்கு. வேலை செய்யுற பரப்பு 4 அடிக்கு 4 அடி. தலை நகர்றதுக்கு 12 எம்.எம். ஸ்மூத் ராடு, அதைத் தள்ள டி8 லீட் ஸ்க்ரூ, ஸ்க்ரூவைச் சுத்த நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார், கட்டுப்படுத்த அர்டுயினோ ஊனோ போர்டு மேல சி.என்.சி. ஷீல்டு, மோட்டாருக்குக் கரன்ட் குடுக்க ஏ4988 டிரைவர், வெட்டுற பிட்டைச் சுத்துற ஸ்பிண்டிலுக்கு 775 டி.சி. மோட்டார். ஃப்ரேம் 18 எம்.எம். எம்.டி.எஃப். வெட்டப் போறது தேக்கு, வேம்பு, ப்ளைவுட். இதுல எது சரி, எதை மாத்தணும்? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னுதான்.

குடியாத்தம்_ஆசாரி

இன்னா தம்பி, எடுத்த எடுப்புலயே நாலடியா? பூஜை ரூம் கதவுல நீ செதுக்கப் போறது இன்னான்னு மாமாவ கேட்டியா? கதவு ஆறரை அடி இருக்கும். ஆனா சட்டம் போட்டு நடுவுல உக்கார்ற பலகை தனித்தனியாதான் கீது. ஒரு பலகை ரெண்டடிக்கு மேல வராது. பேர்ப்பலகை ரெண்டடிக்கு ஒரு அடி. மிச்ச ரெண்டடிய இன்னா பண்ணப் போற, டீ கிளாஸ் வெக்கவா?

இன்னொன்னு. வேலையே வராம மெஷினக் கட்டிட்டு உக்காந்துகினு இருக்கிற பசங்கள நான் பாத்துகீறேன். மாசத்துக்கு நாலு பலகைன்னா ஜாப் வொர்க்குக்குக் குடுக்கறதுதான் லாபம்.

காட்பாடி_கார்த்தி

நாலு பலகை இல்லண்ணா, கார்த்திகை, தை மாசத்துல அதைவிட நிறைய. அதோட எனக்கு இதைக் கத்துக்கணும்னு ஆசை, அதையும் மறைக்கல. ஆனா பலகை அளவு நீங்க சொன்னது சரிதான், மாமாவும் அதையே சொல்றார். அப்ப 2 அடிக்கு 2 அடி போதுமா?

ராணிப்பேட்டை_லேத்

தம்பி, அளவைக் குறைக்கிறதுக்கு வேலையைவிட முக்கியமான காரணம் உன் 12 எம்.எம். ராடுல இருக்கு. நீ டிப்ளமா படிச்சவன், கணக்கே போட்டுப் பாத்துடலாம்.

ரெண்டு முனையிலயும் தாங்குன ராடு, நடுவுல 5 கிலோ. இரும்பு, 12 எம்.எம்., நீளம் 600 எம்.எம். வளைவு கிட்டத்தட்ட 1.1 எம்.எம். வருது. ரெண்டு ராடு போட்டா பாதி, அரை எம்.எம். சரி, இப்ப நீளத்தை 1200 ஆக்கு. நீளத்தோட மும்மடிக்குப் போகும், அதாவது 8 மடங்கு. ஒத்தை ராடு 8.8 எம்.எம். தொங்கும். 5 கிலோங்கறது பெரிய பாரம் இல்ல. ட்ரிம்மர் (கையில பிடிக்கிற சின்ன ரூட்டர்), இசட் தட்டு (பிட்டை மேலயும் கீழயும் நகத்துற பகுதி), மோட்டார் சேர்த்தாலே அதுக்குப் பக்கத்துல வந்துடும். வெட்டும்போது பிட்டு இழுக்குற இழுப்பு தனிக் கணக்கு.

விட்டம் நாலாம் அடுக்குல வேலை செய்யும். 12ஐ 20 ஆக்குனா விறைப்பு 7 மடங்குக்கு மேல ஏறும். ஆனா அதுக்கும் மேல வழி இருக்கு. 50க்கு 50, 3 எம்.எம். கனம் எம்.எஸ். பாக்ஸ் பைப்பு எடு. உன் 12 எம்.எம். ராடைவிட 200 மடங்கு விறைப்பு. அது மேல எஸ்.பி.ஆர்.16 மாதிரி அடிப்புறம் முழுக்கத் தாங்குன ரெயிலைப் போல்ட் போட்டு உக்கார வெச்சுட்டா ராடு வளையுற பேச்சே இல்ல. பாக்ஸ் பைப்பு நம்ம பக்கம் எந்த இரும்புக் கடையிலயும் நிறுத்து வாங்கலாம். சிப்காட் இருக்கிற ஊர்ல இதுக்கா பஞ்சம்?

பணத்தை முதல்ல ஃப்ரேமுலயும் ரெயிலுலயும் போடு. எலெக்ட்ரானிக்ஸ் எப்ப வேணாலும் மாத்திக்கலாம். ஃப்ரேமை மாத்துறதுன்னா மெஷினையே மறுபடி கட்டுறதுதான்.

ஆம்பூர்_பேட்டர்ன்

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. ஷூ கம்பெனிக்கு பேட்டர்ன் வெட்டிக் குடுக்குறவன். ஜி-கோடு (மெஷினுக்குக் குடுக்குற கட்டளை வரி) என்னன்னே தெரியாம இருக்கும்போது பாக்ஸ் பைப்பு அறுக்க உக்கார்றது தேவையா? 3018னு சின்ன கிட்டு கிடைக்குது, 300க்கு 180 எம்.எம். பரப்பு. வாங்கி, பூட்டி, ஒரு மாசம் விளையாடுங்க. ஜீரோ வைக்கிறது, டூல்பாத் (பிட்டு போற பாதை), பிட்டு உடையுறது எல்லாம் அதுலயே பழகிடும். அப்புறம் பெருசா கட்டலாம். அந்த அர்டுயினோ போர்டும் அதுல ஓடுற ஜி.ஆர்.பி.எல். சாஃப்ட்வேரும் பெரிய மெஷினுக்கும் அதேதான்.

ராணிப்பேட்டை_லேத்

பாய், உங்க வேலைக்கு அது சரி. அட்டையும் பிளாஸ்டிக் ஷீட்டும் வெட்ட விறைப்பு எதுக்கு? தம்பிக்குத் தேக்குல செதுக்கணும். முப்பதாயிரத்துல கிட்டுக்குக் கணிசமா போயிட்டா மிச்சத்துல மறுபடி ஸ்மூத் ராடுலதான் வந்து நிப்பான். பழகுறதுக்கு மெஷினே வேணாம். ஜி-கோடை ஸ்கிரீன்ல ஓட்டிப் பாக்க இலவச சிமுலேட்டர் இருக்கு. கேண்டில், யூ.ஜி.எஸ். ரெண்டுலயும் டூல்பாத் அப்படியே தெரியும்.

ஆம்பூர்_பேட்டர்ன்

ஸ்கிரீன்ல பிட்டு உடையாது அண்ணே. 😀 சரி, தம்பி பட்ஜெட்டுக்கு நீங்க சொல்றதே இருக்கட்டும்.

காட்பாடி_கார்த்தி

லேத் அண்ணா, கணக்கைப் போட்டுப் பாத்தேன், அப்படியே வருது. அப்ப 600க்கு 600 வெச்சுக்குறேன். எங்க தெருவுலயே வெல்டிங் கடை இருக்கு. பாக்ஸ் பைப்பை அங்கயே வெல்டு வெச்சுடலாமா?

ராணிப்பேட்டை_லேத்

வெல்டு வேண்டவே வேண்டாம். சூடு பட்ட பக்கம் ஆறும்போது சுருங்கி இழுக்கும். நேரா இருந்த பைப்பு முறுக்கிட்டு நிக்கும். அதை நிமித்த மில்லிங்குக்கோ கிரைண்டிங்குக்கோ அனுப்பணும், அங்கயே உன் பட்ஜெட் தீந்துடும். துளை போட்டு எம்8 போல்ட்டுல கட்டு. பிரின்ட்என்சினு ஒரு திறந்த டிசைன் நெட்ல இருக்கு, ஃப்ரேம் பாக்ஸ் பைப்பும் போல்ட்டும்தான். அது இதைவிடப் பெருசு, ஹெச்.ஜி.ஆர்.20 ரெயிலும் பால் ஸ்க்ரூவும் (நட்டுக்குள்ள குண்டு உருள்ற ஸ்க்ரூ) போட்டது. முழுசா கட்டணும்னு இல்ல, மூலை எப்படிச் சேருதுன்னு படத்தைப் பாரு, போதும்.

போல்ட் போட்டா இன்னொரு வசதி: ரெயிலுக்கு அடியில ஷிம் (மெல்லிய தகடு) வெச்சு மட்டம் பண்ணலாம். கோக் டப்பா தகடு சுமார் 0.1 எம்.எம். இருக்கும், கத்திரியில வெட்டலாம். முதல்ல ஒரு ரெயிலை நேரா இறுக்கு. ரெண்டாவது ரெயில் போல்ட்டைப் பாதி இறுக்கத்துல விட்டு, கேன்ட்ரியை (ரெயில் மேல ஓடுற குறுக்குப் பாலம்) கையால முன்னும் பின்னும் தள்ளு. எங்க பிடிக்குதுன்னு கை சொல்லும். பிடிக்காத இடத்துல இருந்து ஒவ்வொரு போல்ட்டா இறுக்கிட்டு வா. கடைசியில மூலைவிட்டம் ரெண்டும் ஒண்ணா இருக்கணும். 600 சதுரத்துக்கு 848.5 எம்.எம். தச்சர் மூலைமட்டத்தை நம்பாத, டேப்பைப் பிடி.

குடியாத்தம்_ஆசாரி

மூலைமட்டத்த ஏன்பா வம்புக்கு இழுக்கிற. அது அதுக்குண்டான வேலைக்கு சரியாத்தான் கீது.

தம்பி, 775 மோட்டார தூக்கிப் போடு. அது தேக்குக்கு முன்னால நிக்காது. மாமா கிட்ட ட்ரிம்மர் இருக்கும் பாரு, மைக்கா ஓரம் வெட்டறது. அதையே மாட்டு. ஸ்பிண்டில் காசு மிச்சம்.

காட்பாடி_கார்த்தி

இருக்கு அண்ணா! 6 எம்.எம். காலெட்டு (பிட்டைப் பிடிக்கிற வாய்). ஸ்பீடு மாத்துற நாப் இல்லாத மாடல், தட்டுல 30,000 ஆர்.பி.எம்.னு போட்டிருக்கு. பரவால்லையா?

ராணிப்பேட்டை_லேத்

ஓடும். ஆனா தேக்கு கருகும். ஏன்னு சொல்றேன். பிட்டோட ஒரு பல் ஒரு சுத்துல எவ்வளவு மரத்தைக் கடிக்குதுங்கறதுதான் கணக்கு: ஃபீடை (பிட்டு முன்னால போற வேகம்) ஆர்.பி.எம்.மாலயும் பல் எண்ணிக்கையாலயும் வகு. ரெண்டு பல் பிட்டு, 30,000 ஆர்.பி.எம்., நீ பயந்துட்டு நிமிஷத்துக்கு 900 எம்.எம். ஓட்டுறேன்னு வை. 0.015 எம்.எம். வருது. அது வெட்டு இல்ல, உரசல். மரத்தூள் மாவா வரும், பிட்டு சூடாகி நீலம் பாயும், ஒரு மணி நேரத்துல மொண்ணை. அதே மரத்துல ஒத்தைப் பல் பிட்டு, 10,000 ஆர்.பி.எம்., 1200 எம்.எம். ஃபீடு வெச்சா 0.12 வரும். சீவல் சீவலா விழும், பிட்டுத் தொட்டா வெதுவெதுப்புதான்.

இருக்கிறதை வெச்சே ஆரம்பி. ஒத்தைப் பல் பிட்டுப் போட்டு, ஆழத்தைக் குறைச்சு, ஃபீடை எவ்வளவு ஏத்த முடியுமோ ஏத்து. பின்னாடி மாத்தும்போது நாப் இருக்கிற மாடலா பாரு. மகிதா ஆர்.டி.0700சி 10,000ல இருந்து 30,000 வரைக்கும் குறைக்க முடியும், 710 வாட். எந்த ட்ரிம்மரா இருந்தாலும் கார்பன் பிரஷ் ஒரு செட் வாங்கி வெச்சுக்க. கையில பிடிச்சு ஓட்டுற மெஷினை மணிக்கணக்கா ஓட்டப் போறோம், பிரஷ் சீக்கிரம் தேயும்.

சத்துவாச்சாரி_சால்டர்

லேட்டா வந்ததுக்கு மன்னிக்கணும். எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் நான் பாத்துக்குறேன், யாரும் அதைத் தொடலயே!

பாக்ஸ் பைப்பு கேன்ட்ரின்னா நீமா 17 திணறும். நீமா 23 போடு, நாலு வேணும், ஒய் (முன்னும் பின்னும்) பக்கம் ரெண்டு, எக்ஸ் (இடம் வலம்), இசட் ஒண்ணொண்ணு. அதுக்கு ஏ4988 பத்தாது, டி.பி.6600 டிரைவர் நாலு எடு. ஷீல்டே தேவையில்ல, ஊனோவுல இருந்து நேரா ஒயர் இழு. ஸ்டெப் எக்ஸ் டி2, ஒய் டி3, இசட் டி4. டைரக்ஷன் டி5, டி6, டி7. எனேபிள் டி8. ஒய் ரெண்டு டிரைவருக்கும் ஒரே பின். எதிர்ப்பக்க மோட்டார் தலைகீழா சுத்தணும்னா ஒரு காயிலோட ரெண்டு ஒயரை மாத்திப் போடு, போதும்.

ஸ்டெப் கணக்கு: மோட்டார் ஒரு சுத்துக்கு 200, மைக்ரோஸ்டெப் 8 (ஒரு ஸ்டெப்பை எட்டாப் பிரிக்கிறது) வெச்சா 1600. டி8 ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு 8 எம்.எம். நகரும், நாலு இழை. அப்ப 1600/8, அதாவது ஜி.ஆர்.பி.எல்.லோட $100ங்கற செட்டிங்குக்கு (1 எம்.எம்.முக்கு எத்தனை ஸ்டெப்) 200. நிறைய பேர் இழைக்கு இழை 2 எம்.எம்.னு அளந்துட்டு 800 போடுவாங்க, 10 எம்.எம். நகரச் சொன்னா 40 நகரும். பின்னாடி 1605 பால் ஸ்க்ரூ மாத்துனா ஒரு சுத்துக்கு 5 எம்.எம்., அப்ப 320.

லிமிட் ஸ்விட்ச் (ஓரத்தைத் தொட்டதும் சொல்றது, ஹோமிங்ல மெஷின் ஆரம்ப இடத்தைத் தேடுறதும் இதை வெச்சுத்தான்) இசட்டுக்கு டி12ல கொடு. பழைய படத்துல டி11னு இருக்கும். ஜி.ஆர்.பி.எல். 0.9ல இருந்து டி11ஐ ஸ்பிண்டில் வேகத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. "ஹோமிங்ல இசட் நிக்கவே மாட்டேங்குது"ன்னு வர்ற கேள்வியில பாதிக்கு இதுதான் பதில்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழட்டாத. டிரைவர் போயிடும்.

காட்பாடி_கார்த்தி

சால்டர் சார், ரொம்ப நன்றி. பவர் 12 வோல்ட்டா 24ஆ? அப்புறம் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. பட்டறையில கரன்ட் அடிக்கடி போகும். மூணு மணி நேர வேலை பாதியில நின்னா பலகை வேஸ்ட்டா?

சத்துவாச்சாரி_சால்டர்

24. வோல்டேஜ் கூடுனா காயில்ல கரன்ட் சீக்கிரம் ஏறும், வேகமா ஓடும்போது மோட்டார் திக்காது.

கரன்ட் போறது நல்ல கேள்வி, ஏன்னா இதுல ஒரு பொறி இருக்கு. லேப்டாப் பேட்டரியில ஓடும், ஊனோ யூ.எஸ்.பி.யில உயிரோட இருக்கும். மோட்டாருக்கு மட்டும் கரன்ட் இல்ல. ஜி.ஆர்.பி.எல்.லுக்கு அது தெரியாது, பாட்டுக்கு ஸ்டெப் அனுப்பிட்டே இருக்கும். ஸ்கிரீன்ல வேலை நடக்குது, மெஷின் நிக்குது. கரன்ட் திரும்பி வந்ததும் வேற எங்கயோ இருக்குறதா நெனச்சுட்டு பலகை மேல குறுக்க கோடு போடும்.

மருந்து: 24 வோல்ட் ரிலே ஒண்ணு. காயிலை எஸ்.எம்.பி.எஸ். (24 வோல்ட் பவர் சப்ளை) வெளியீட்டுல கொடு. நார்மலி க்ளோஸ்டு கான்டாக்ட்டை ஊனோவோட ஏ1 பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல போடு. ஏ1 ஃபீட் ஹோல்டு, அதாவது வேலையை நிறுத்தி வைக்கிற பின். கரன்ட் இருக்கும் வரைக்கும் ரிலே இழுத்துப் பிடிக்கும், கான்டாக்ட் திறந்திருக்கும். போன உடனே ஏ1 கிரவுண்டாகும், ஜி.ஆர்.பி.எல். நிக்கும். நின்ன வரி நம்பரைக் குறிச்சு வெச்சுக்க. கரன்ட் வந்ததும் ரீசெட் பண்ணி, இசட்டை மேல தூக்கிட்டு மறுபடி ஹோமிங். வேலையோட ஜீரோவை ஜி54ல சேமிச்சிருந்தா அது ஈப்ராம்ல (கரன்ட் போனாலும் அழியாத நினைவகம்) அப்படியே இருக்கும். குறிச்ச வரிக்குச் சில வரி முன்னாடி இருந்து ஓட்டு. அதனால லிமிட் ஸ்விட்ச் "அப்புறம் வாங்கிக்கலாம்" பட்டியல்ல வரக் கூடாது, முதல் நாளே வேணும்.

லிமிட் ஒயரை ட்ரிம்மர் ஒயர்கூடச் சேர்த்துக் கட்டாத. ட்ரிம்மர் பிரஷ் பொறி அதுல ஏறி, ஸ்விட்ச் தொடாமலே அலாரம் அடிக்கும். ஸ்விட்சையும் நார்மலி க்ளோஸ்டா போட்டு, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒண்ணு. ஃப்ரேம் பாக்ஸ் பைப்புக்கு எர்த் கண்டிப்பா. பழைய பட்டறைகள்ல மூணாவது துளையில ஒயரே இருக்காது, டெஸ்டரை வெச்சுப் பாரு. எமர்ஜென்சி ஸ்விட்ச் ட்ரிம்மரோட 230 வோல்ட்டை அறுக்கணும். ஊனோவை மட்டும் நிறுத்துனா பிட்டு சுத்திட்டேதான் இருக்கும்.

குடியாத்தம்_ஆசாரி

கையுறை போட்டுகினு மெஷின் கிட்ட போவாத. சுத்தற பிட்டு துணிய புடிச்சா கையையும் சேத்து இழுக்கும். எம்.டி.எஃப். வெட்டனா மாஸ்க்கு போடு, அந்த தூளு நெஞ்சுல போய் உக்காரும், அதுல பசை வேற கீது.

ஆம்பூர்_பேட்டர்ன்

இதே ஃப்ரேமுல பின்னாடி லேசர் மாட்டலாம்னு யாராவது தம்பிக்கு ஆசை காட்டுவாங்க. எங்க ஊர்ப் பசங்க தோலு கொண்டு வந்து வெட்டச் சொல்வாங்க. குரோம் பதம் போட்ட தோலை லேசர்ல எரிக்காதீங்க, அந்தப் புகையில வர்ற குரோமியம் விஷம். ரெக்சினும் வேண்டாம், பி.வி.சி. எரிஞ்சா வர்றது அமிலப் புகை, ஆளுக்கும் கெடுதல், ரெயிலும் துருப்பிடிக்கும். தோலுக்கு டிராக் நைஃப்தான் (இழுத்து வெட்டுற கத்தி) சரி. ட்ரிம்மரைக் கழட்டிட்டு அந்த இடத்துல கத்தியை மாட்டுனா போதும், ஸ்பிண்டிலே ஓட வேண்டாம்.

காட்பாடி_கார்த்தி

எல்லாரும் சொன்னதை வெச்சுத் திருத்துன பட்டியல்:

600க்கு 600 பரப்பு. 50க்கு 50 பாக்ஸ் பைப்பு, போல்ட்டு. ஒய், எக்ஸ் ரெண்டுக்கும் எஸ்.பி.ஆர்.16, நீளம் 800 (கேன்ட்ரி பிளாக்குக்கு 200 விட்டிருக்கேன்). இசட்டுக்கு எம்.ஜி.என்.12 ரெயில். டி8 ஸ்க்ரூ, ஸ்பிரிங் வெச்ச நட்டு. நீமா 23 நாலு, டி.பி.6600 நாலு, 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்., ஊனோ, லிமிட் ஸ்விட்ச், ரிலே. ட்ரிம்மர் மாமாவோடது.

ரெயிலும் மோட்டாரும் ஆன்லைன்ல, சின்னச் சாமானுக்கு ரயிலேறி சென்னை ரிச்சி தெரு. இப்பதைக்கு முப்பதைக் கொஞ்சம் தாண்டும் போலிருக்கு.

கடைசிக் கேள்வி: தமிழ்ல பேர் செதுக்கும்போது டவுன் கடையில "கொ", "ணை" எல்லாம் உடைஞ்சு வருதுன்னு மாமா சொல்வார். அது சாஃப்ட்வேர் கோளாறா?

ஆம்பூர்_பேட்டர்ன்

ஆமா. நிறைய கேம் (CAM, டிசைனை டூல்பாத்தா மாத்துறது) சாஃப்ட்வேருக்கு நம்ம எழுத்தைச் சேர்க்கத் தெரியாது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிடும். இங்க்ஸ்கேப்ல (படம் வரையுற இலவச சாஃப்ட்வேர்) யூனிகோடு ஃபான்ட்டுல டைப் பண்ணுங்க, அங்க ஒழுங்கா சேரும். அப்புறம் டெக்ஸ்ட்டை "பாத்" (path) ஆக மாத்தி எஸ்.வி.ஜி. ஃபைலா சேமிச்சா அதுக்கப்புறம் அது வெறும் கோடுதான், எந்த சாஃப்ட்வேரும் உடைக்க முடியாது. ணகரம், ழகரத்தோட சுழிக்குள்ள பிட்டு நுழையுதான்னு பாத்துட்டு ஃபான்ட்டைத் தேர்ந்தெடுங்க. 6 எம்.எம். பிட்டு 5 எம்.எம். சுழிக்குள்ள போகாது, சாஃப்ட்வேர் சத்தமில்லாம விட்டுட்டுப் போயிடும்.

குடியாத்தம்_ஆசாரி

வி-பிட்டுல செதுக்கனா சுழி பிரச்சனை கம்மி, உளி வெட்டு மாதிரி அழகா வரும். ஆனா தடி எழுத்துக்கு 60 டிகிரி பிட்டு எடுத்தா ஆழமா எறங்கிடும், பலகை கனத்த பாத்துக்க.

ராணிப்பேட்டை_லேத்

ஆசாரி சொல்றது சரி. எழுத்துக் கோடு 10 எம்.எம். அகலம்னா 60 டிகிரி பிட்டு 8.7 எம்.எம். இறங்கும், 90 டிகிரி 5 எம்.எம். தான். 18 எம்.எம். பலகைக்கு 90 வாங்கு.

பட்டியல் நல்லாருக்கு. முப்பதைத் தாண்டுறது உறுத்துச்சுன்னா ஒய்யை 450க்குக் குறை, ஆசாரி சொன்ன ரெண்டுக்கு ஒரு அடிப் பலகை அப்பவும் உள்ள அடங்கும். ரெயிலோட தரத்துல கை வைக்காத. கதவுப் பலகை நீளமா வந்தா பாதி வெட்டிட்டு நகத்தி வெச்சு மீதி வெட்டலாம். அதுக்கு படுகைப் பலகையில ஒய்க்கு நேரா ரெண்டு டோவல் (உருளை ஆணி) துளையை மெஷினாலயே போட்டுக்க.

ஆர்டர்ல முதல்ல ரெயிலை மட்டும் வரவழை. பிளாக்கைப் பூட்டி, நிஜ அளவை வெர்னியர்ல எடுத்துட்டுத்தான் பாக்ஸ் பைப்பை அறுக்கணும். வெப்சைட் படத்து அளவுக்கும் பார்சல்ல வர்றதுக்கும் துளை ஒண்ணு ரெண்டு எம்.எம். தள்ளி இருக்கும். பைப்பு முனை செங்குத்தா அறுபடலன்னா இங்க கொண்டு வா, ஃபேஸ் பண்ணித் தர்றேன். இசட் தட்டுக்கு 12 எம்.எம். அலுமினியம் துண்டு கடையில கிடக்கும், ட்ரிம்மர் பாடி விட்டத்தை மட்டும் அளந்து இங்க போடு.

காட்பாடி_கார்த்தி

65 எம்.எம். அண்ணா. ரெயில் இன்னிக்கு ராத்திரி ஆர்டர் போடுறேன். 450தான்.